நைட் ட்யூட்டிக்கு 3,000 ரூபாய் கூட: அதில் கையில் நிற்பது எவ்வளவு?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வயது 36. பிடித்தம் போவதற்கு முன் சம்பளம் 19,400 ரூபாய். இதுவரை பகல், இரவு என்று மாற்றி மாற்றி ட்யூட்டி போட்டார்கள். நைட்டுக்குத் தனிப் பணம் கிடையாது. இப்போது நைட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று, ஓர் இரவுக்கு 150 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். நிரந்தர நைட் எடுத்தால் மாதம் 20 இரவு, 3,000 ரூபாய் கூடுதலாக வரும். இல்லையென்றால் காலை 8 முதல் மாலை 5 வரை நிரந்தரப் பகல் கேட்கலாம். சம்பளத்தில் மாற்றம் இல்லை. கணவர் லேத் பட்டறையில் 22,000 ரூபாய்க்கு வேலை செய்கிறார், வீடு திரும்ப இரவு 8 ஆகிவிடும். பட்டறையில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) இல்லை. மகள் எட்டாவது, மகன் மூன்றாவது. எங்களோடு இருக்கும் என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை இஎஸ்ஐ மருந்தகத்தில் வாங்குகிறோம். பிள்ளைகள் ட்யூஷனுக்கு 1,500 ரூபாய். நகைக்கடன் 1,20,000, ஃபைனான்ஸில் ஒன்றரை வட்டி. நைட் போனால் பகலில் பிள்ளைகளோடு இருக்கலாம், ட்யூஷனை நிறுத்திவிடலாம், கடனும் அடையும் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: சகோதரி, நிரந்தர நைட் வேண்டாம். 3,000 ரூபாய் சின்னத் தொகை என்பதற்காகச் சொல்லவில்லை. அதில் பெரும்பகுதி உங்கள் கைக்கு வராது என்பதால் சொல்கிறேன்.

முதலில் இஎஸ்ஐ. இதில் இருப்பதற்கான சம்பள வரம்பு 2017 ஜனவரியிலிருந்து மாதம் 21,000 ரூபாயாக இருக்கிறது. ஓவர்டைம் பணத்தை இந்த வரம்புக்குக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மாதாமாதம் வரும் நைட் அலவன்ஸ் சம்பளத்தோடு சேரும். 19,400-ம் 3,000-ம் சேர்த்தால் 22,400. நீங்கள் வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று என்று இஎஸ்ஐ கணக்கு ஓடுகிறது. பருவம் தொடங்கியபின் நடுவில் தாண்டினால் அந்தப் பருவம் முடியும் வரை பிடித்தம் தொடரும், அதற்குரிய பலனும் பின்னால் கிடைக்கும். அதற்கு அடுத்த பருவத்தில் நீங்கள் இஎஸ்ஐயில் இல்லை.

இதை இழப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உங்கள் சம்பளச் சீட்டு காட்டாது. அதில் 0.75 சதவீதம், அதாவது 146 ரூபாய் பிடித்தம் என்று மட்டும் இருக்கும். மருத்துவமனை தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. இந்தச் சிறு தொகைக்கு நீங்கள், கணவர், இரண்டு பிள்ளைகள், தனி வருமானம் இல்லாத உங்கள் அம்மா என ஐந்து பேருக்கும் வைத்தியம் கிடைக்கிறது. நீங்களே படுத்துவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் பணமாகவும் வரும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்களுக்குப் பொருந்தாது.

அப்படியானால் தனியார் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை, அது ஒரு நிம்மதி. இருந்தாலும் நீங்கள் நான்கு பேருக்கு ஐந்து லட்சம் பாலிசி எடுக்க மாதத்துக்கு 1,500 ரூபாயாவது ஒதுக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அம்மாவை அதில் சேர்ப்பது கஷ்டம். சேர்த்தாலும் பிரீமியம் ஏறும், ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். அவர் மாத்திரையைக் கடையில் வாங்க 800 ரூபாய் என்று போடுகிறேன்.

இரவு ட்யூட்டிக்குப் போகும்போது ஷேர் ஆட்டோ. 30 ரூபாய் வீதம் 20 இரவுக்கு 600. காலையில் திரும்பும்போது மகளிருக்குக் கட்டணமில்லா டவுன் பஸ் இருக்கிறது, அதற்குச் செலவில்லை.

இப்போது கூட்டுங்கள். வரவு 3,000, இஎஸ்ஐ பிடித்தம் மிச்சம் 146. செலவு 1,500, 800, 600. மீதி 246 ரூபாய். மாதம் 20 இரவு கண்விழித்ததற்குக் கையில் நிற்பது இவ்வளவுதான். லீவு போட்ட இரவுக்கு 150-ம் கிடையாது.

ட்யூஷன் 1,500 மிச்சமாகுமே என்பீர்கள். அந்தப் பகலை மணி வாரியாகப் பார்த்துவிடுவோம். 8 மணிக்கு ட்யூட்டி முடிந்தாலும் ஹேண்ட் ஓவர் கொடுத்து, பஸ் பிடித்து வீடு வர 9:15. பிள்ளைகள் 8:15-க்கே பள்ளிக்குப் போயிருப்பார்கள். காலையில் அவர்களைப் பார்க்கவே முடியாது. குளித்து, சாப்பிட்டு, துவைக்கப் போட்டுவிட்டுப் படுக்கும்போது 10:30. நடுவில் சிலிண்டர் வரும், பக்கத்து வீட்டு மிக்சி ஓடும், பள்ளியிலிருந்து போன் வரும். 3:30-க்கு எழுந்தால்தான் பிள்ளைகள் வரும்போது டீயும் தின்பண்டமும் தயாராக இருக்கும். 4:30 முதல் 6:30-க்குள் வீட்டுப்பாடம், இரவுச் சமையல், அம்மாவின் மாத்திரை எல்லாம். 7 மணிக்கு ஆட்டோ. எந்தத் தொந்தரவும் இல்லாத நாளில்கூட ஐந்து மணி நேரத் தூக்கம்தான். அதிலிருந்து ஒரு மணி நேரத்தை எடுத்து எட்டாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுப்பீர்களா? ட்யூஷன் காசை மிச்சப்படுத்துவது என்றால் உங்கள் தூக்கத்தைக் கொடுத்துத்தான். விடிகாலை 4 மணிக்கு வார்டில் இன்சுலின் டோஸ் பார்த்துப் போடுகிறவர் நீங்கள். தூக்கம் இல்லாமல் அதைச் செய்வது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புற்றுநோய் வர வாய்ப்புள்ள காரணிகளின் பட்டியலில் இரவுப்பணியை 2007-இல் சேர்த்தது, 2019-இலும் அதே முடிவைச் சொன்னது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இன்னும் 20 ஆண்டு சம்பாதிக்க வேண்டிய உடம்பு உங்களுடையது, அதுவும் குடும்பத்தின் சொத்துதான்.

மகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் 7 மணிக்குக் கிளம்பினால் கணவர் வர 8. அந்த ஒரு மணி நேரமும், காலையில் தம்பியைக் கிளப்பும் வேலையும் 13 வயதுப் பிள்ளையின் தலையில் விழும். ஒரு மாதம் என்றால் பரவாயில்லை. நிரந்தரம் என்றால் அவள் பத்தாம் வகுப்புக்கு வரும்போதும் இதே நிலைதான்.

சரி, கடன் எப்படி அடைவது? இங்கேதான் உங்கள் கடிதத்தில் பணம் ஒளிந்திருக்கிறது. 1,20,000-க்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 1,800. அதே நகையைப் பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வைத்து ஆண்டுக்கு 9.5 சதவீதத்தில் வாங்கினால் மாதம் 950 ரூபாய்தான். ஒரு தடவை அலைந்தால் மாதம் 850 மிச்சம். காலையில் மீட்டு மதியம் வங்கியில் வைக்க ஒரே நாள் கைமாற்று போதும். சில வங்கிகள் தாங்களே பணம் கட்டி மீட்டு மாற்றிக்கொள்கின்றன, மேலாளரிடம் கேளுங்கள். முன்கூட்டி மீட்டால் ஃபைனான்ஸில் ஏதாவது கட்டணம் கேட்பார்களா என்பதையும் ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நைட்டை முழுதாக விட வேண்டும் என்பதில்லை. மாதம் 10 இரவு மட்டும் எடுத்தால் 1,500 வரும். சம்பளம் 20,900, வரம்புக்குள் நிற்கிறது, இஎஸ்ஐ போகாது. ஆட்டோ 300, கூடும் இஎஸ்ஐ பிடித்தம் 11 போக 1,189 கையில். வட்டியில் மிச்சமான 850-ஐச் சேர்த்தால் 2,039. நிரந்தர நைட்டில் ட்யூஷனையும் நிறுத்தி, இதே 850-ஐயும் சேர்த்தால் 2,596 வரும், 557 ரூபாய்தான் கூடுதல். 10 இரவு என்றால் ட்யூஷனும் தொடர்கிறது, அந்த 20-இல் மீதி 10 இரவு வீட்டிலும் தூங்குகிறீர்கள். அந்த 2,000 ரூபாயை மாதாமாதம் நகைக்கடன் அசலில் கட்டுங்கள். புதிதாக எந்த இஎம்ஐயும் இதை நம்பி எடுக்காதீர்கள், வண்டி உட்பட. ரோஸ்டர் மாறினால் நின்றுபோகும் பணம் இது.

நர்சிங் சூப்பரின்டெண்டென்டிடம் தயங்காமல் பேசுங்கள். ஆள் கிடைக்காததால்தான் 150 தருகிறார்கள், அதனால் உங்கள் பேச்சு எடுபடும். 10 இரவையும் ஐந்து ஐந்தாகச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். நைட் முடிந்த மறுநாள் ஆஃப் வேண்டும். டிசம்பர் அரையாண்டுத் தேர்வும் முழு ஆண்டுத் தேர்வும் நடக்கும் வாரங்களில் பகல் ட்யூட்டி கேளுங்கள். இன்கிரிமென்ட் நூறு ரூபாய்க்கு மேல் வந்தாலே 21,000-ஐத் தாண்டிவிடும் என்பதால், அந்த மாதம் முதல் இரவுகளைக் குறைக்க வேண்டியிருக்கும். உங்கள் சம்பளத்தில் எந்தெந்த இனத்தை இஎஸ்ஐக்குச் சேர்க்கிறார்கள் என்று கணக்குப் பிரிவில் முன்பே கேட்டுவையுங்கள்.

இரவுக்கு 150-க்குப் பதில் 350 தந்தாலோ, கணவருக்கு இஎஸ்ஐ உள்ள வேலை கிடைத்தாலோ கணக்கு மாறும். அப்போது ஓராண்டு, கடன் அடையும் வரை என்று நாள் குறித்துக்கொண்டு நைட் எடுப்பதை நான் தடுக்க மாட்டேன். இப்போதைக்கு, மருத்துவமனை 10 இரவுக்குச் சம்மதிக்காமல் இரண்டில் ஒன்று என்று நின்றால், நிரந்தரப் பகலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த வாரமே நகையை வங்கிக்கு மாற்றுங்கள்.