போர்ச்சுகீசிய வினைகளில் அசை பிரிப்பதும் அழுத்தமும்

'கோம்ப்ரா-லு-ஈயமுஷ்' மாதிரி நீளமான வினைகளை எப்படி அசை பிரிப்பது, அழுத்தம் எங்கே விழும் என்று கேட்டிருக்கிறீர்கள். சிறுகோடு இருக்கும் இடத்தில் முதலில் வெட்டுங்கள், அப்புறம் அசை எண்ணுங்கள்.

இதில் ஆறு அசை: கோம்-ப்ரா-லு-ஈ-அ-முஷ். 'அதை வாங்குவோம், முடிந்திருந்தால்' என்ற பொருள். போர்ச்சுகீசில் எதிர்கால வினையும் இந்த நிபந்தனை வினையும் மூல வினையோடு 'அவேர்' என்ற துணைவினை ஒட்டிப் பிறந்தவை, அந்தத் தையலுக்குள்தான் 'அதை' என்ற பிரதிப்பெயர் நுழைந்து உட்காருகிறது. அது நுழைந்ததும் மூல வினை 'கோம்ப்ரார்' (வாங்க) என்பதன் கடைசி 'ர்' விழுந்துவிடும், பிரதிப்பெயர் 'லு' ஆகும். எழுதும்போது 'ப்ரா' மேலும் 'ஈ' மேலும் ஆக இரண்டு சாய்குறி (அழுத்தம் காட்டும் ´ குறி), ஏனென்றால் ஒவ்வொரு துண்டும் தனிச்சொல் போலவே குறி வாங்குகிறது. முதன்மை அழுத்தம் 'ஈ'யில். 'லு'வுக்கு ஒருபோதும் கிடையாது. பிரேசிலில் இதை யாரும் பேச்சில் சொல்வதில்லை, போர்ச்சுகலிலும் பெரும்பாலும் எழுத்து நடைதான், அதனால் பயப்பட வேண்டாம்.

பேச்சில் உண்மையாகவே காலை வாரிவிடுவது வேறு. 'ஃபலாரௌ' என்றால் பேசினார்கள், 'ஃபலரௌ' என்றால் பேசுவார்கள். எழுத்தில் முடிவு வேறு வேறு, காதுக்கு இரண்டும் ஒரே மூக்கொலிதான். முன்னதில் அழுத்தம் நடு அசையில், பின்னதில் கடைசி அசையில். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறுவதில்லை என்பதால் நான் பல மாதம் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன், நேற்று நடந்ததைச் சொன்னால் நாளை நடக்கப்போவதாக எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். மேசையில் விரலால் தட்டி, அழுத்த அசைக்கு மட்டும் பலமாகத் தட்டிப் பழகிய பிறகுதான் சரியானது.

இன்னொன்று, 'ச-ஈ-அ' மூன்று அசை, வெளியே போய்க்கொண்டிருந்தான் என்று பொருள். அந்த 'ஈ' மேல் குறி இல்லாவிட்டால் 'சாய்-அ', இரண்டே அசை, பாவாடை ஆகிவிடும்! அந்தக் குறி இரண்டு உயிரையும் பிரித்து வைக்கிறது.

அழுத்தம் கடைசி மூன்று அசைக்குள்தான் விழும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். வினை மட்டும் தனியாக நிற்கும்போது அது சரி. 'ல-வா-வ-மு-நுஷ்' (எங்களை நாங்களே கழுவிக்கொண்டிருந்தோம், 'நுஷ்' தான் 'எங்களை') சொல்லிப் பாருங்கள், அழுத்தம் 'வா'வில், கடைசியிலிருந்து நான்காவது அசை. ஒட்டிய பிரதிப்பெயர் அசையைக் கூட்டுகிறது, அழுத்தத்தை இடம் மாற்றுவதில்லை.