லிவர் ஆடுகிறதா, கியர்பாக்ஸ் கெட்டதா? (வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்)

கேள்வி: என்னிடம் 1977 மாடல் போர்ஷே 911 இருக்கிறது. கியர் லிவரைத் தொட்டாலே இடமும் வலமும் ஆடுகிறது. இரண்டாவது கியருக்கு இழுத்தால் சில நேரம் நான்காவதில் போய் விழுகிறது. கியர்பாக்ஸையே இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். ஷார்ட் ஷிஃப்டர் (லிவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் மாற்று லிவர்) போட்டால் போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். முதலில் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

உங்கள் வண்டியில் இருப்பது 915 வகை கியர்பாக்ஸ். 1972 மாடலில் வந்து 1986 வரை 911-ல் ஓடியது. எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்னால் இருக்கின்றன, லிவர் உங்கள் கைப்பக்கம் இருக்கிறது. நடுவில் ஒரு நீளக் கம்பி வண்டியின் நடு டனலுக்குள் ஓடுகிறது. லிவரை முன்னும் பின்னும் தள்ளினால் கம்பி நகரும், பக்கவாட்டில் தள்ளினால் கம்பி சுழலும். எந்த வரிசை என்பதைச் சுழற்சி தீர்மானிக்கிறது. அந்த வரிசையில் எந்தக் கியர் என்பதை நகர்வு தீர்மானிக்கிறது.

இந்தக் கம்பி தொடும் இடங்களில் எல்லாம் பிளாஸ்டிக் புஷ், அதாவது உரசலைத் தாங்கும் உள்ளுறை, உண்டு. லிவரின் அடியில் இருக்கும் உருண்டை ஒரு கிண்ண புஷ்ஷில் உட்காருகிறது. கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டில் ஒன்று. அப்புறம் கம்பியும் கியர்பாக்ஸும் சேரும் கப்ளருக்குள்ளும் உண்டு. வயதானால் இவை காய்ந்து, வெடித்து, கடைசியில் பொடியாகக் கொட்டும். உலோகம் உலோகத்தின்மேல் உரச ஆரம்பித்ததும் ஆட்டம் வேகமாகக் கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிவரின் மேல்பகுதி அடிப்பகுதியைப்போல் ஐந்து மடங்கு நீளம் என்று வையுங்கள். கீழே மூட்டுகளில் அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகச் சேர்ந்து 2 மி.மீ. ஆட்டம் வந்தால், கைப்பிடியில் அது 10 மி.மீ. ஆகும். சுழற்சியில் இதைவிட மோசம். கம்பியின் மையத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி இருக்கும் ஒரு பின்னில் (சிறு உலோக முளையில்) 1 மி.மீ. தேய்ந்தாலே கம்பி கிட்டத்தட்ட 3 டிகிரி சும்மா சுழலும். அதனால்தான் பக்கவாட்டு ஆட்டம் முதலில் கண்ணில் படுகிறது, இரண்டுக்குப் பதில் நான்கு விழுகிறது. நீங்கள் முழுதாக இடப்பக்கம் தள்ளினாலும் கியர்பாக்ஸுக்கு அதில் பாதிதான் போய்ச் சேருகிறது.

சோதனை எளிது. நியூட்ரலில் எந்த லிவரும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டுக் கியரில் போட்டு லிவரை ஆட்டுங்கள். அப்போதும் தாராளமாக ஆடினால் புஷ் போய்விட்டது. அடுத்து, எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லாக் கியரும் விழுகிறது, ஓடும்போது ரிவர்ஸ் மட்டும் கரகரக்கிறது என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. 911-ல் கிளட்ச்சை இழுப்பது கேபிள், அதைச் சரிபாருங்கள். லிவர் சரியான இடத்துக்குத்தான் போகிறது, கிளட்ச்சும் சரி, ஆனாலும் வண்டி சூடான பிறகு இரண்டாவதுக்கு இறக்கும்போது நறநறக்கிறது என்றால் அது சிங்க்ரோ (கியர் கோக்கும் முன் சுழலும் வேகங்களைச் சமமாக்கும் வளையம்). கியர்பாக்ஸைப் பிரிக்கிற பேச்சு அங்கேதான் வர வேண்டும். உங்கள் கடிதத்தில் நறநறப்பு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால் நான் புஷ் பக்கம்தான் நிற்கிறேன்.

இனி வேலை. ஹேண்ட்பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டியதில்லை. பின்சீட்டுகளுக்கு நடுவே கார்ப்பெட்டைத் தூக்கினால் ஒரு மூடி இருக்கும், அதன் கீழேதான் கப்ளர். எதையும் தளர்த்தும் முன் கம்பியும், அதைக் கப்ளரோடு இறுக்கும் கிளாம்ப்பும் சேரும் இடத்தில் ஊசியால் ஒரு கோடு கிழியுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடு இல்லாமல் கழற்றியவர்களின் வண்டிகள் அரை நாள் வேலைக்கு ஒரு வாரம் பட்டறையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கப்ளரைக் கியர்பாக்ஸ் தண்டோடு பிடித்திருப்பது கூம்பு நுனி கொண்ட ஒரு ஸ்க்ரூ. பலர் புது புஷ் போட்டுவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அது லேசாகத் தளர்ந்திருந்தாலும் எவ்வளவு நல்ல புஷ் போட்டாலும் ஆட்டம் போகாது. தளர்ந்தபடியே ஓட்டினால் துளை முட்டை வடிவமாகிவிடும். திரும்பப் போடும்போது துளையை நன்றாகத் துடைத்து, நுனி தண்டின் பள்ளத்தில் நேராக உட்காருகிறதா என்று பார்த்து, கழற்றக்கூடிய வகை திரெட் லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு முறுக்குங்கள். ஸ்க்ரூ தளராமல் மெல்லிய கம்பி கட்டும் துளை இருந்தால் அதையும் கட்டிவிடுங்கள்.

கப்ளரை வெளியே எடுத்து வைஸில் பிடித்துப் பின்னைத் தள்ளுங்கள். பழைய புஷ் துண்டு துண்டாக வரும், ஒரு துணுக்குகூட உள்ளே நிற்கக்கூடாது. பின்னின்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் பின்னையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் புது புஷ்ஷை அது அரம்போல ராவிவிடும். புது புஷ்ஷைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். வெந்நீரில் சில நிமிடம் போட்டால் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகும், வைஸாலேயே அழுத்தி ஏற்றிவிடலாம். முன்பக்கம் லிவர் அடிக்கட்டையைக் கழற்றிக் கிண்ண புஷ்ஷையும் பிராக்கெட் புஷ்ஷையும் அதே கையோடு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, "பாதி ஆட்டம் போகவில்லையே" என்று அப்புறம் எனக்கு எழுத வேண்டாம்.

கோட்டுக்குக் கோடு சேர்த்துக் கிளாம்ப்பை முறுக்கியதும் எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது சில கியர் உடனே விழாமல் போகலாம். பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கும், பயப்பட வேண்டாம். கட்டையை எடுத்து வண்டியைக் கொஞ்சம் உருட்டினால் விழுந்துவிடும். முதல் கியரில் இடப்பக்கம் கிடைக்கும் சிறு தளர்வும் ஐந்தாவதில் வலப்பக்கம் கிடைக்கும் தளர்வும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இறுக்கமாக இருந்தால் கிளாம்ப்பைத் தளர்த்திக் கம்பியை மயிரிழை சுழற்றுங்கள். லிவர் எந்தக் கியரிலும் சீட்டிலோ கன்சோலிலோ முட்டக்கூடாது. முட்டினால் கியர் முழுதாகக் கோத்திருக்காது, ஓடும்போது வெளியே துள்ளும். கியர்பாக்ஸ் தேய்ந்துவிட்டது என்று பெயர் வாங்கிய சில வண்டிகளின் உண்மையான நோய் இதுதான்.

ஷார்ட் ஷிஃப்டர் விஷயம். அது லிவரின் நெம்பு விகிதத்தைக் குறைக்கிறது, அதனால் கைப்பிடியில் தெரியும் ஆட்டமும் குறையும். தேய்மானம் மட்டும் அப்படியே இருக்கும். தள்ள வேண்டிய பலமும் கூடும், அந்தப் பலம் முழுக்க அதே நைந்த புஷ்ஷின்மேல்தான் விழும். எல்லாம் சரியான பிறகும் ஆசை இருந்தால் போடுங்கள். எனக்கு அந்த ஆசை இல்லை. 915-இன் சிங்க்ரோ அவசரம் பிடிக்காத ஆசாமி. ஒரு மூச்சு விடும் நேரம் கொடுத்தால் இரண்டாவது கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கும்.

கேள்வி: 1990 மாஸ்டா எம்எக்ஸ்-5. கியர் மாற்றும்போது கையில் அதிர்வு, லிவரைச் சுற்றிச் சூடான காற்று, கூடவே இரைச்சல். லிங்கேஜ் (லிவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கம்பி அமைப்பு) போய்விட்டதா?

பதில்: உங்கள் வண்டியில் லிங்கேஜே கிடையாது. லிவர் நேராகக் கியர்பாக்ஸின் மேலுள்ள டரெட்டுக்குள் (சிறு கூட்டுக்குள்) இறங்குகிறது. சூடும் இரைச்சலும் வருவதால் கீழே இருக்கும் ரப்பர் பூட் (லிவரை மூடும் உறை) கிழிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கிழியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, டரெட்டுக்குத் தனி எண்ணெய் உண்டு. கியர்பாக்ஸ் எண்ணெயை எத்தனை முறை மாற்றினாலும் இங்கே வராது. நியூட்ரலில் வைத்து, கன்சோலையும் ரப்பர் பூட்டையும் கழற்றி, போல்ட்டுகளை எடுத்தால் லிவர் நேராக மேலே வரும். உள்ளே கிடக்கும் கறுப்பு எண்ணெயை ஊசி போடும் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, புது 75டபிள்யூ-90 கியர் எண்ணெய் ஊற்றுங்கள். 100 மில்லிகூடத் தேவைப்படாது. லிவரின் நுனியில் இருக்கும் நைலான் தொப்பியையும் இரண்டு ரப்பர் பூட்டையும் மாற்றிவிடுங்கள். ரப்பரில் சாதாரண கிரீஸ் பட்டால் உப்பிப்போகும், அங்கே சிலிகான் கிரீஸ்தான். திறந்த வாய்க்குள் ஒரு வாஷர் விழுந்தால் அன்றைய நாள் போச்சு, ஒரு துணியை வைத்து அடைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புஷ் கிடைக்கவில்லை. 3டி பிரிண்டரில் செய்துகொள்ளலாமா? பித்தளையில் கடைந்தால்?

பதில்: வழக்கமான பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பித்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் அது வேலைக்கு ஆகாது. அசிட்டல் என்ற கடினப் பிளாஸ்டிக் கட்டை வாங்கி லேத்தில் கடையச் சொல்லுங்கள். நைலான்போல அது ஈரம் குடித்து உப்பாது, அளவு நிற்கும். பித்தளையும் வெண்கலமும் நீடிக்கும்தான். ஆனால் அடிக்கடி கிரீஸ் வேண்டும், கியர்பாக்ஸ் சத்தமெல்லாம் லிவர் வழியாகக் கைக்கு வரும், கிரீஸ் வறண்டால் எதிரில் இருக்கும் உருண்டையையும் பின்னையும் தேய்க்கும். மலிவான சாமான் தேயட்டும் என்றுதான் அங்கே பிளாஸ்டிக்கை வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: முதல் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2-வில் கியர் இறுகிப்போயிருக்கிறது. கேபிளுக்குள் எண்ணெய் விடலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு கேபிளில் எது எது என்று குறித்துவிட்டு, இரு முனையையும் கழற்றிக் கையால் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கேபிள் நல்லது, முனைகளில் இருக்கும் புஷ்ஷைப் பாருங்கள். பிடித்துப் பிடித்து வந்தால் கேபிளையே மாற்ற வேண்டியதுதான்.