வாசகர் கேள்வி பதில்: 'டாட் பேங்க் டாட் இன்' யாருக்குக் கிடைக்கும்?

கேள்வி: வங்கி முகவரிகள் எல்லாம் 'பேங்க் டாட் இன்' என்று மாறிவிட்டன. மோசடிக்காரர்களும் அப்படி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிவிட மாட்டார்களா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: வாங்க முடியாது. 'டாட் காம்', 'டாட் இன்' முகவரிகளைப் பணம் கட்டும் யாருக்கும் தருவார்கள். இது அப்படியல்ல, வங்கிகளுக்கு மட்டுமே. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31க்குள் இதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு ஏப்ரல் 22 அன்று சுற்றறிக்கை விட்டது. பதிவு செய்து தருவது ஒரே ஓர் இடம்தான்: ரிசர்வ் வங்கி ஹைதராபாத்தில் நிறுவிய ஐ.டி.ஆர்.பி.டி. என்ற வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்.

ஆனால் கண் ஏமாறுவது புள்ளியில். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்பு வரை உள்ளதை எடுத்துக்கொண்டு, வலமிருந்து இடமாகப் படியுங்கள். 'இன்', புள்ளி, 'பேங்க்', புள்ளி, அப்புறம் வங்கியின் பெயர். 'பேங்க்' என்ற சொல்லுக்கு முன்னால் புள்ளிக்குப் பதில் சிறுகோடு இருந்தாலும், வங்கியின் பெயரோடு அது ஒட்டிக்கொண்டிருந்தாலும், அது சாதாரண 'டாட் இன்' முகவரி, யாரும் வாங்கலாம். 'பேங்க் டாட் இன்' என்பதற்குப் பிறகு இன்னொரு புள்ளி வைத்து வேறு ஏதோ பெயரும் 'டாட் காம்' என்பதும் வந்தால், முன்னால் உள்ள வங்கிப் பெயருக்கு மதிப்பே இல்லை. பூட்டுச் சின்னத்தையும் நம்ப வேண்டாம். அந்தச் சான்றிதழ் போலித் தளத்துக்கும் இலவசமாகவே கிடைக்கும். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை 'சொசைட்டி பேங்க்' என்றுதான் சொல்வோம். அதற்கு இந்த முகவரி கிடைக்குமா?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பெயரில் 'வங்கி' என்ற சொல்லைச் சேர்க்காமல் இருந்தால்தான் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து இத்தகைய சங்கங்களுக்கு விலக்கு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியும் நகரக் கூட்டுறவு வங்கியும் வேறு. அவை ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை.

கேள்வி: தகுதி விதி இருந்தும் தகுதியில்லாதவர்கள் உள்ளே நுழைவது எப்படி? தடுக்க வழி என்ன?
– மதுரை வாசகர்

பதில்: இரண்டு நிகழ்வுகளைப் பார்த்தால் புரியும். அமெரிக்காவில் 'டாட் கவ்' அரசு அமைப்புகளுக்கு மட்டுமே உரியது. 2019இல் ஒருவர், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் எக்ஸிட்டர் என்ற சிற்றூரின் இணையதளத்திலிருந்து கடிதத்தாள் முகப்பை எடுத்து, மேயர் எழுதியது போல விண்ணப்பித்தார். கொடுத்தது ஒரு ஜிமெயில் முகவரி, இணையத்தில் பெற்ற ஒரு தொலைபேசி எண். ஊரின் பெயரில் 'டாட் கவ்' கிடைத்துவிட்டது. 2020 மார்ச் 10 முதல் விண்ணப்பக் கடிதத்தில் நோட்டரி முன்னிலையில் போட்ட கையெழுத்து வேண்டும் என்றார்கள். நல்ல மாற்றம்தான். ஆனாலும் ஓட்டை இருந்தது கையெழுத்தில் மட்டுமல்ல. விண்ணப்பதாரரைப் பற்றி விண்ணப்பதாரரையே விசாரித்தால் எந்தப் பொய்யும் உண்மையாகத்தான் தெரியும். ஊராட்சி அலுவலகத்தின் எண்ணை அரசுப் பட்டியலிலிருந்து எடுத்து ஒரே ஒரு முறை கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இரண்டாவது, ஐரோப்பாவின் 'டாட் இயு'. 2005 டிசம்பரில் பதிவு தொடங்கியபோது வணிகக்குறி வைத்திருந்தவர்களுக்கு முன்னுரிமை. வணிகக்குறியில் உள்ள, முகவரியில் இடம்பெற முடியாத அடையாளங்களை நீக்கிவிடலாம் என்பது விதி. ஓர் ஆஸ்திரிய நிறுவனம் ஜெர்மன் மொழியில் டயர் என்று பொருள்படும் 'ரைஃபன்' என்ற சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னும் பின்னும் '&' அடையாளம் போட்டு, ஸ்வீடனில் வணிகக்குறியாகப் பதிந்தது. எந்தப் பொருளுக்கு? இருக்கைப் பட்டைக்கு! '&' எல்லாம் நீங்கியதும் டயர் என்ற பொதுச்சொல் முகவரியாகக் கையில் விழுந்தது. இப்படி 33 சொற்களை வணிகக்குறிகளாக்கி வைத்திருந்தார்கள். வணிகக்குறியை எப்படி, எதற்காகப் பதிந்தார்கள் என்பதையும் கெட்ட எண்ணத்துக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010 ஜூன் 3இல் தீர்ப்பளித்தது. காகிதம் சரியாக இருந்தது; எண்ணம்தான் கோணல். எனவே முகவரியைப் பதிந்து தரும் பதிவாளர் 'வணிகக்குறி இருக்கிறதா' என்று மட்டும் பார்க்காமல், 'கேட்கும் பெயரும் வணிகக்குறியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா, அந்தத் தொழில் நடக்கிறதா' என்று பார்க்க வேண்டும்.

ஆக, உரிம எண்ணை உரிமம் கொடுத்தவரின் பட்டியலில் சரிபார்க்க வேண்டும். தொடர்பு எண்ணை விண்ணப்பத்திலிருந்து எடுக்கக் கூடாது. பெரும்பாலும் கோட்டை விடுவது புதுப்பித்தலில்தான். முதல் நாள் கடுமையாகச் சோதித்துவிட்டு அப்புறம் பணம் வந்தால் போதும் என்று விடுவார்கள். இடையில் உரிமம் ரத்தாகியிருக்கும், நிறுவனம் வேறொன்றோடு இணைந்திருக்கும். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் தகுதியை மறுபடி கேட்கத்தான் வேண்டும். தகுதி போனால் முகவரியை முடக்கி வையுங்கள். உடனே வேறொருவருக்குத் தர வேண்டாம். பழைய வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் அங்கேதான் வந்துகொண்டிருக்கும்.

கேள்வி: உண்மையான அரசு முகவரியிலேயே சூதாட்ட விளம்பரம் வருகிறதே?
– சேலம் வாசகர்

பதில்: தளத்தின் மென்பொருளில் ஓட்டை இருந்திருக்கலாம். இன்னொரு காரணம், கைவிட்ட துணை முகவரி (முதன்மை முகவரிக்கு முன்னால் ஒரு சொல்லும் புள்ளியும் சேர்த்து உருவாக்குவது). துறை ஒன்று ஏதோ முகாமுக்காகத் துணை முகவரி உருவாக்கி, அதை வாடகை சர்வரில் ஒரு பெயருக்குத் திருப்பியிருக்கும். முகாம் முடிந்ததும் வாடகையை நிறுத்துவார்கள். டிஎன்எஸ் பதிவை, அதாவது முகவரி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் குறிப்பை, அழிக்க மறந்துவிடுவார்கள். அந்தப் பெயரை அதே நிறுவனத்தில் வேறொருவர் எடுத்துக்கொண்டால் அரசு முகவரி அவர் பக்கத்தைக் காட்டும். எந்தத் தகுதிச் சோதனையும் அவருக்குக் கிடையாது. எனவே முதலில் டிஎன்எஸ் பதிவை அழியுங்கள், பிறகு சர்வரை நிறுத்துங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.