ஓப்பின் பேப்பரில வாங்கின கார் ஆரின்ர?

கேள்வி: அண்ணை, பழைய கார் ஒண்டு ஓப்பின் பேப்பரில, அதான் பேர் மாத்தாமல், வாங்கிட்டன். வித்தவர் பேர் மாத்துற போமில கையெழுத்து வச்சுத் தந்திட்டார், காரின்ர பதிவுப் புக்கும் கையில இருக்கு. என்னட்ட மோட்டச்சைக்கிள் லைசென்ஸ்தான். வவுனியா வரைக்கும் ஓடலாமோ? (மல்லாவி வாசகர்)

பதில்: இப்ப ஓடாதேங்கோ தம்பி. சைக்கிள் லைசென்ஸ் காருக்குச் செல்லாது, கார் பி வகுப்பு, மெடிக்கல் எடுத்து ட்ரயல் பாஸ் பண்ணி அதே லைசென்ஸில சேர்க்கோணும். லைசென்ஸ் இல்லாமல் ஓடி ஆரையும் அடிச்சா இன்சூரன்ஸ்காரன் கை விரிச்சிடுவான், வழக்கும் உங்களுக்குத்தான்.

அதைவிடப் பெரிய பிரச்சினை அந்தப் பேப்பர். பேர் மாத்தும் வரைக்கும் புக்கில இருக்கிறவர்தான் உரிமையாளர். கைமாறின 14 நாளுக்குள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிச்சுப் பேர் மாத்தோணும் எண்டுதான் சட்டம், ஆனா எங்கட பக்கம் நாலு கை மாறியும் முதல் ஆளின்ர பேரிலயே ஓடுற வாகனங்கள் கிடக்கு. வித்தவர் வெளிநாடு போயிட்டாலோ செத்துப்போயிட்டாலோ பிறகு ஆரைப் பிடிக்கிறது? புக்கில லீசிங் கொம்பனி பேர் இருக்கோ எண்டும் பாருங்கோ, கடன் முடியாமல் பேர் மாறாது. இண்டைக்கே வித்தவரைக் கூட்டிக்கொண்டு திணைக்களத்துக்குப் போங்கோ.

பிறகு வருசா வருசம் மூண்டு வேலை, இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை, இந்த ரெண்டும் இருந்தாத்தான் வரிப் பத்திரம், அது பிரதேச செயலகத்தில, இப்ப ஒன்லைனிலயும் எடுக்கலாம். சட்டத்துக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் போதும், ஆனா அது மற்றவைக்கு வாற சேதத்துக்குத்தான். ஏ9 றோட்டில இரவில மாங்குளம் பக்கம் மாடு படுத்திருக்கிறது உங்களுக்குத் தெரியும், மாட்டில மோதி முன்பக்கம் போனா உங்கட காசிலதான் திருத்தோணும். ஏலுமெண்டா உங்கட காருக்கு வாற சேதத்துக்கும் சேர்த்து புல் இன்சூரன்ஸ் போடுங்கோ.

கேள்வி: கனடாவில இருந்து வாற தம்பி அங்கத்த லைசென்ஸோட எங்கட காரை ஓடலாமோ? (கிளிநொச்சி வாசகி)

பதில்: அதை மட்டும் வச்சு ஏலாது தங்கச்சி. அங்க சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு வந்தா கொழும்பில ஓட்டோமொபைல் சங்கத்தில அங்கீகாரம் எடுக்கோணும், இல்லாட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில தற்காலிக லைசென்ஸ். வந்திறங்கின உடனே கொழும்பில அந்த அலுவலை முடிச்சிட்டு வரச் சொல்லுங்கோ, கிளிநொச்சிக்கு வந்தாப் பிறகு அதுக்கெண்டு திரும்பப் போக மாட்டினம். முன் சீற்றில பெல்ட் போடாமல் ஓட வேண்டாம் எண்டும் சொல்லுங்கோ, அங்க ஒழுங்காப் போடுறவை இஞ்ச வந்தா மறந்திடுகினம்.