பழைய மும்முனை இணைப்பில் சோலார்: முதலில் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள்

கோத்தகிரியில் பேக்கரி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "1980களில் வாங்கிய மும்முனை வணிக இணைப்பு, அனுமதிக்கப்பட்ட சுமை 18 கிலோவாட். 63 ஆம்பியர் மெயின், பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். 15 கிலோவாட் சோலார் போட வந்தவர், போர்டில் காலியாக இருக்கும் ஒரு வழியிலேயே சேர்த்துவிடலாம் என்கிறார். ஜெனரேட்டரும் இருக்கிறது. சேர்க்கலாமா?"

அப்படிச் சேர்க்க வேண்டாம். இதுவரை உங்கள் போர்டுக்குள் மின்சாரம் வரும் வழி ஒன்றுதான். அந்த வழியில் இருக்கும் 63 ஆம்பியர் ஃபியூஸ், உள்ளே எல்லா வழிகளுக்கும் மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரையும் சேர்த்தே காத்துவந்தது. போர்டின் நடுவில் சோலாரைச் சேர்த்தால் இரண்டாவது வழி ஒன்று திறந்துவிடுகிறது. பேனலின் மின்சாரத்தை மின்வாரிய மின்சாரம்போல மாற்றித் தரும் 15 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒவ்வொரு ஃபேஸிலும் ஏறத்தாழ 21 ஆம்பியர் தரும். மின்வாரியத்திலிருந்து 63, கூரையிலிருந்து 21 என்று 84 ஆம்பியர் வரை அந்தப் பஸ்பாரில் ஓடினாலும் ஒரு ஃபியூஸும் போகாது, பஸ்பார்தான் சூடேறும்.

மீட்டருக்கும் மெயின் ஸ்விட்சுக்கும் பின்னால், மின்வாரியத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்சுக்கு முன்னால் புதிய பெட்டி ஒன்று வைத்து, சோலாருக்குத் தனியாக மின்சாரம் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் 32 ஆம்பியர் நான்கு துருவ எம்சிபியும் (மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பது), பழைய போர்டுக்குச் செல்லும் வழியில் அதே வேலையைச் செய்யும் பெரிய வகையான 40 ஆம்பியர் எம்சிசிபியும் போடச் சொல்லுங்கள். 18 கிலோவாட் சுமை மூன்று ஃபேஸ்களிலும் சமமாகப் பிரிந்திருந்தால் ஃபேஸுக்கு 28 ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால் 40 தாராளமாகப் போதும். சேஞ்ச் ஓவருக்கு முன்னால் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பின்னால் இணைத்தால், ஜெனரேட்டர் ஓடும்போது அதன் மின்சாரத்தையே மின்வாரிய மின்சாரம் என்று எண்ணி இன்வெர்ட்டர் இயங்கத் தொடங்கும். கடையின் சுமை குறைந்த நேரத்தில் மிஞ்சும் மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே பாய்ந்து அதைப் பழுதாக்கும்.

பெட்டி வாங்குவதற்கு முன், உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பழைய போர்டைத் திறந்து பாருங்கள். நியூட்ரல் இணைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் மலையின் மூடுபனியில் நாற்பது ஆண்டுகள் இருந்த செம்புத் திருகுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அலுமினியக் கம்பியைச் செம்போடு நேராக முறுக்கியிருந்தால் அந்த இடம் வெள்ளைத் தூளாக உதிரும். அங்கே நியூட்ரல் விட்டுப்போனால், சுமை குறைந்த ஃபேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 300க்கு மேல் ஏறி, ஃப்ரீசர் கம்ப்ரஸரும் இன்வெர்ட்டரும் ஒரே நாளில் போய்விடக்கூடும். பழைய கடைகளில் எல்லாமே மூன்றில் முதலாவதான ஆர் ஃபேஸில் தொங்கிக்கொண்டிருப்பதும் வழக்கம். மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டர் மூன்றிலும் சமமாகவே கொடுப்பதால், இந்தச் சமமின்மையை அது சரிசெய்யாது. சுமை இல்லாத ஃபேஸில் நண்பகலில் வோல்டேஜ் ஏறி, இன்வெர்ட்டர் அடிக்கடி நின்றுபோகும். மாவு பிசையும் இயந்திரம் ஓடும் நேரத்தில் கம்பியைச் சுற்றிக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மூன்று ஃபேஸிலும் நியூட்ரலிலும் மாட்டிப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும்.

15 கிலோவாட் தேவையா என்பது நீங்கள் கேட்காத கேள்வி. வணிக இணைப்பில், நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, நீங்கள் வாங்கும் யூனிட்டின் விலையைவிடக் குறைவு. விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கும் பேக்கரிக்கு அந்த நேரத்தில் வெயிலே இருக்காது. ஒரு வாரம் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மீட்டரைக் குறித்து வையுங்கள்; பகல் செலவு 40 யூனிட் அளவில்தான் இருக்கிறது என்றால் 10 கிலோவாட் போதும். சமவெளியில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்று சொல்வார்கள். பனிமூட்ட மாதங்களில் இங்கே அதை எதிர்பார்க்க வேண்டாம். பிரதமரின் சூரிய வீடு திட்ட மானியம் வீடுகளுக்கு மட்டுமே. மின்தடையின்போது பேட்டரி இல்லாத சோலார் தானாகவே நின்றுவிடும் என்பதால், மரம் விழுந்து மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாத நாட்களில் ஜெனரேட்டர்தான் கைகொடுக்கும்.

சமவெளியிலிருந்து வருகிறவர்கள் குளிரைக் கணக்கில் எடுப்பதில்லை. பேனலின் வோல்டேஜ் குளிரில் கூடும். 540 வாட் பேனல் 20ஐத் தொடராக இணைத்தால் 25 டிகிரியில் 990 வோல்ட் அளவில் வரும். மார்கழிக் காலை 5 டிகிரியில், வெயில் பட்ட முதல் நிமிடத்தில், அது 1,040ஐத் தொடும். 1,000 வோல்ட் வரம்புள்ள இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. ஆகவே ஒரு வரிசையில் 16 பேனலுக்கு மேல் வேண்டாம்.

இடிக்காக, இன்வெர்ட்டருக்குப் பின் வரும் ஏசி மின்சாரம், பேனலிலிருந்து வரும் டிசி மின்சாரம் என்று இரு பக்கமும், திடீர் வோல்டேஜ் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான் போட வேண்டும். ஏசிக்கும் டிசிக்கும் இடிதாங்கிக்கும் தனித்தனி எர்த் வேண்டும். உங்கள் பழைய எர்த் குழியில் போட்ட உப்பு இத்தனை மழையில் எப்போதோ கரைந்து போயிருக்கும் என்பதால் அதையே நம்பியிருக்காமல், புதிதாகப் போட்ட எர்த்தின் மின்தடையையும் மண் நன்றாகக் காய்ந்திருக்கும் மார்ச் மாதத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் நனைந்த மண்ணில் எடுத்த அளவை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.