ரத்தப் புற்றுநோய்க்கு எதற்கு ரத்தக்குழாய்?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் மாமனாருக்கு மல்டிபிள் மைலோமா என்கிற ரத்தப் புற்றுநோய். புதிய ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் என்று சொல்லி தாலிடோமைட் கொடுத்திருக்கிறார்கள். ரத்தத்திலேயே இருக்கிற நோய்க்குத் தனியாகக் குழாய் எதற்கு? நான் நான்கு மாத கர்ப்பிணி. மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான்தான். பரவாயில்லையா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது அம்மா. இன்றிலிருந்தே வேறு யாராவது எடுத்துக் கொடுக்கட்டும். கருவின் கை கால் வளர்ச்சியையே கெடுக்கக்கூடிய மருந்து இது. 1961இல் விற்பனையை நிறுத்தியது அதனால்தான். கேப்ஸ்யூல் மட்டுமல்ல, அது இருக்கும் அட்டையைக்கூட நீங்கள் தொட வேண்டாம். உடையாத கேப்ஸ்யூலை இதுவரை தொட்டதற்காகப் பதறாதீர்கள். ஆனால் உங்கள் மகப்பேறு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, குழாய்க்கு வருவோம். மைலோமா ரத்தத்தில் மிதந்து திரிகிற நோய் அல்ல. அதன் செல்கள் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே கும்பலாகப் பெருகுகின்றன. கூட்டம் கூடக்கூட ஆக்ஸிஜன் போதாது. அப்போது விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. பக்கத்துக் குழாய்கள் அதைக் கண்டு கிளைவிடுகின்றன. கோணல்மாணலான, ஒழுகுகிற கிளைகள்தான், ஆனாலும் நோய்க்கு அது போதும். அதே புரதம் மஜ்ஜையின் மற்ற செல்களையும் தூண்டி இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்க வைக்கிறது. மைலோமாவுக்கு அது உரம். குழந்தைகளுக்கு வரும் லுக்கீமியா என்ற இன்னொரு ரத்தப் புற்றுநோயிலும் மஜ்ஜைக் குழாய்கள் அடர்ந்துபோவதை 1997இல் கண்டார்கள்.

தாலிடோமைட் குழாய் முளைப்பதைத் தடுக்கும் என்று 1994இல் தெரிந்தது. மைலோமாவில் அதன் பலன் 1999இல் வெளியானது. ஆனால் உங்களுக்குச் சொன்னது பாதிக் கதை. செரிப்ளான் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, மைலோமா செல்லுக்கு உயிர்நாடியான வேறு புரதங்களை அழிக்கிறது இந்த மருந்து என்பது பிற்பாடுதான் புரிந்தது. விஇஜிஎஃப்பை மட்டும் குறிவைக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து இந்த நோயில் பெரிதாக எடுபடவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மருந்தின் பக்கவிளைவுகளையும் கவனியுங்கள். மாமனாருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரல்கள் மரத்துப்போனால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். அப்புறம், தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிற வழக்கம் உள்ளவர் என்றால் இந்த வருஷம் வேண்டாம். கிருமியை எதிர்க்கும் சக்தி குறைந்திருக்கும், முதுகெலும்பும் பாரம் தாங்காது.