எட்டுப் பேர், இருவர் இருவராக: ஹாரன் அடித்தவர் சொன்னது சரியா?

எட்டுப் பேர் இருவர் இருவராகச் சைக்கிளில் சென்றபோது, ஒரு கார் ஓட்டுநர் ஹாரன் அடித்து 'ஒரே வரிசையில் போங்கள்' என்று கத்தினார், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிதான். சிங்கப்பூர் விதிப்படி, நீங்கள் சொல்லும் சாலையில் ஒரு திசைக்கு ஒரே தடம் என்றால், அங்கே ஒருவர் பின் ஒருவராகத்தான் சைக்கிள் ஓட்ட வேண்டும். அவர் கத்தியது அநாகரிகம்; சட்டம் என்னவோ அவர் பக்கம்தான்.

'பத்துப் பேர் வரை போகலாம்' என்ற பாதிச் செய்திதான் உங்களைக் குழப்பியிருக்கும். 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள அந்த வரம்பு இருவர் இருவராகச் செல்லும்போது மட்டும். ஒற்றை வரிசையில் ஐந்து பேர்தான். ஆகவே நீங்கள் எட்டுப் பேரும் உடனே ஒரே வரிசைக்கு மாறியிருந்தாலும் விதிமீறல்தான்! தண்டத்தொகை 150 வெள்ளி.

அடுத்த முறை கிளம்புமுன் வரைபடத்தில் பாருங்கள்:

1. உங்கள் திசையில் மட்டும் எத்தனை தடங்கள்? எதிர்த்திசைத் தடம் கணக்கில் வராது. இரண்டாவது இருந்தால் இருவராகப் போகலாம்.
2. பேருந்துத் தடம் செயல்படும் நேரமா? அப்போது அதில் இருவராகப் போகக்கூடாது. ஞாயிறு காலையில் இந்தக் கவலை இல்லை.

வழியில் ஒரு தடச் சாலை வந்தால் நான்கு நான்கு பேராகப் பிரிந்துவிடுங்கள். குழுக்களுக்கிடையே இரண்டு விளக்குக் கம்ப இடைவெளி, அதாவது சுமார் 30 மீட்டர், விடச் சொல்கிறார்கள். அது பரிந்துரைதான், ஆனால் கார்கள் முந்திச் செல்ல அந்த இடம் வேண்டும்.

கார் ஓட்டுநர்கள் 1.5 மீட்டர் விலகிச் செல்ல வேண்டும் என்பதும் பரிந்துரையே. அதை நம்பித் தடத்தின் நடுவில் போகாதீர்கள்.